மூடுபனி எதுவரை இறங்கியது?

என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களையும் இழக்கத் தயாராகித்தான் இதை எழுதுகிறேன். யுத்த காலத்தில், தொண்ணூறுகளின் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையை ஆமி சுற்றி வளைக்கிறது என்று கேள்விப்பட்டதும், இன்னொருவரின் எட்டு வருட உழைப்பை நான் குளியலறை வாளிக்குள் போட்டுக் கரைத்தேன். கரைத்து முடிந்ததும், என்னுடைய சொந்த நாவலின் கையெழுத்துப் பிரதியை எடுத்து, பொலித்தீன் பையில் சுற்றி, அரிசிப் பேணிக்குள் பத்திரமாகப் புதைத்தேன்.

இரண்டையும் செய்தது ஒரே ஆள்தான், அதுவும் அரை மணித்தியாலத்துக்குள். நாவல் எதைப் பற்றியது என்று கேட்காதீர்கள். இருநூற்றுப் பதினொரு பக்கமாக நாவலும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தது.

அப்போது நான் காலி வீதியில் ஒரு தொலைபேசிக் கடையின் மூலையில் மேசை போட்டிருந்தேன். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். ஊரில் பாதிப்பேர் வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம். எல்லாரும் என் மேசையைத் தாண்டித்தான் போனார்கள். அவர்களின் பிறப்பு, விவாகம், பெற்றோரின் இறப்பு எல்லாவற்றையும் ஆங்கிலமாக்கிக் கொடுத்தேன். பிறந்தார், மணந்தார், இறந்தார் என்ற மூன்று வினைச்சொற்களை வைத்துக்கொண்டு சீவியம் நடத்திய எழுத்தாளன் வேறு யாராவது இருந்தால் அவருக்கு என் அனுதாபம்.

அந்த மேசைக்குத்தான் ஒருநாள் கொட்டாஞ்சேனையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஒரு ஆசிரியை வந்தார். நுவரெலியாவுக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். நாற்பது வயதிருக்கும். தோல்பையிலிருந்து ஐந்து தடித்த சீ.ஆர். கொப்பிகளை எடுத்து, குழந்தையைக் கிடத்துவது போல மேசையில் வைத்தார்.

“இத இங்கிலீசுல எழுதணும் சார். மூணு வாரந்தான் இருக்கு.”

அவருடைய தோட்டத்துக்கு மேலே ஒரு மலை. மலையின் தலையில் காடு. தட்டைக் குடைபோலத் தலை விரித்த மரங்கள், கிளைகளில் தாடிபோலத் தொங்கும் பாசி, மூக்கில் கொம்புள்ள ஓணான், விரல்நகம் அளவு தவளைகள். வேறெங்கும் இல்லாத உயிர்களாம். அந்த மரங்கள் மழையைவிட மூடுபனியைத்தான் அதிகம் குடித்து வாழ்கின்றன. சில வருடங்களாக மூடுபனி முன்போலக் கீழே இறங்குவதில்லை. மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து பட்டுக்கொண்டு வந்தன.

இதை அவர் எட்டு வருடமாகக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். பள்ளி விடுமுறைகளில் தானே மேலே ஏறுவார். மற்ற நாட்களில் தோட்டத்தில் வேலை செய்யும் அவருடைய அண்ணன் பார்த்து வைப்பார். மூடுபனி எந்தப் பாறைவரை வந்தது, எந்த மரம் பட்டது, எங்கே கன்று முளைத்தது எல்லாம் கொப்பியில் இருந்தன.

“உலகம் சூடாகுது சார். குளிர் தேவைப்படுறதெல்லாம் மேல மேல ஏறும். உச்சிக்கு வந்தப்புறம் எங்க ஏறும்?”

நான் உடனே இலக்கியவாதியானேன். “வெள்ளவத்தையும் அப்பிடித்தான் ரீச்சர். ஊரிலயிருந்து துரத்தத் துரத்த இஞ்ச வந்து நிக்கிறம். மேற்கால கடல். இதுக்கு அங்கால போக இடமில்லை.”

“மரத்த மரமா எழுதுங்க சார். போதும்” என்றார்.

ஆனால் ஒரு இடம் மிச்சம் இருந்தது. கிழக்குச் சரிவில் ஒரு ஓடைப் பள்ளம். அங்கே மட்டும் மூடுபனி இன்னும் தங்குகிறது. உச்சியில் சாகும் மரங்களின் கன்றுகள் அங்கே வளர்கின்றன, ஓணானும் தவளையும் அங்கேதான் ஒதுங்கியிருக்கின்றன. அந்தப் பள்ளத்தை வெட்டி வெளியாக்கி விறகு மரம் நடுவதற்கு ஒரு யோசனை வந்திருந்தது. மேலே உள்ள பாதுகாக்கப்பட்ட காட்டின் எல்லையை அந்தப் பள்ளம்வரை இறக்குவதா, வெட்டுக்கு விடுவதா என்று கொழும்பில் ஒரு அதிகாரிகள் குழு தீர்மானிக்கப் போகிறது. பொதுமக்கள் ஆட்சேபணை சொல்லலாம். சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில், ஆதாரத்துடன்.

ஆதாரம் அந்த ஐந்து கொப்பிகள்தான். என்னிடம் விட்டுவிட்டுப் போனார். “கவனம் சார்” என்று ஒரு வார்த்தை சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்கு இப்போது கொஞ்சம் லேசாக இருக்கும்.

நாலு நாள் கழித்து, அந்தச் செவ்வாய். மேல்வீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் மாடிப்படியில் நின்று சத்தம் போட்டார். “தம்பி, ஒழுங்கையை ரெண்டு பக்கத்தாலயும் மறிச்சுப்போட்டாங்கள்! ஆமி நிக்குது!”

அடையாள அட்டை இருந்தது. பொலிஸ் பதிவு இருந்தது. கழுவித் துடைத்த முகமும் இருந்தது. மேசையில் கொப்பிகள் திறந்து கிடந்தன. முதல் தடவையாக அவற்றை ஒரு சிப்பாயின் கண்ணால் பார்த்தேன்.

கையால் வரைந்த மலைப்படம். உயரக் கோடுகள். சிவப்பு வட்டங்கள். பக்கத்தைப் புரட்டினால்: “காலை 5.40. இரண்டாம் பாறை. கீழே எல்லாம் தெளிவு.” அடுத்த வரி: “வடக்குச் சரிவில் செத்தது பதினான்கு. சாகக் கிடப்பது ஒன்பது.” அதற்கும் கீழே: “பள்ளத்தில் புதியவர்கள் நன்றாக ஊன்றிவிட்டார்கள். அண்ணன் சொன்னபடி இடம் மாற்றவில்லை.”

மரக்கன்றுகளைப் புதியவர்கள் என்று எழுதும் ஒரு மென்மையான உள்ளத்தை அதில் யாரும் கண்டிருக்கலாம். எனக்கு அந்த நேரம் தோன்றியது ஒரே ஒரு மொழிபெயர்ப்பு. அதில் நான் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

எரித்தால் புகை வரும். ஆகவே வாளி. சீ.ஆர். கொப்பி லேசில் கரையாது, நல்ல கடதாசி. படத்தைத்தான் முதலில் கிழித்தேன். பிறகு ஒவ்வொரு தாளாக. மை நீலமாக இறங்கியது. ஊறிய அவல் மாதிரி வந்ததைக் கொமேட்டுக்குள் கொட்டினேன்; மூன்றாவது வாளியில் அது அடைத்துக்கொண்டது. மிச்சத்தைக் கையால் பிசைந்து கழிவுநீர்க் கானுக்குள் விட்டேன். மொழிபெயர்த்து வைத்திருந்த பன்னிரண்டு பக்கத்தையும், ஒரு ஒழுங்குக்காக, அதே வழியில் அனுப்பினேன். பிறகுதான் அரிசிப் பேணியும் நாவலும்.

சட்டையை மாற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றேன். ஒருவரும் வரவில்லை. யாரோ பெரியவர் காலி வீதியால் போகிறாராம், அதற்காக எல்லா ஒழுங்கைகளையும் மறித்தார்களாம். போய்விட்டார். தடுப்பை எடுத்துவிட்டார்கள். எங்கள் வாசல் படலையில் ஒரு விரல்கூடப் படவில்லை.

என் மனைவி களுபோவில ஆஸ்பத்திரியில் தாதி. வேலை முடிந்து வந்து குளியலறைக் கதவைத் திறந்தவள் நீலத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இஞ்சேருங்கோ, இது என்ன?”

சொன்னேன். நாவலின் பங்கை மறைக்கத்தான் நினைத்தேன். ஆனால் இரவுச் சோற்றுக்கு அரிசி எடுக்கப் போனவளுக்கு அது தானாகவே வெளிப்பட்டது.

“நாவலையும் சேர்த்துக் கரைச்சிருந்தீங்கள் எண்டால் எனக்கு உங்களில கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்” என்றாள். பிறகு, “நாளைக்குப் போய் நேர சொல்லுங்கோ. கடிதம் எழுதிறன், கோல் எடுக்கிறன் எண்டு ஒளியாதேங்கோ.”

மறுநாள் பள்ளிக்கூடம் விடும் நேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நாவலைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அதை இனி வீட்டில் வைப்பதற்கும் பயம். பஸ்ஸில் நாலு விதமான முகவுரை தயாரித்திருந்தேன். பள்ளிக்கூடப் படலையில் என்னைக் கண்டதும் ஆசிரியை, சோக்குத் தூளைக் கையிலிருந்து தட்டிக்கொண்டே சிரித்தார்.

“கொப்பி முடிஞ்சிருச்சா சார்?”

நாலு முகவுரையும் மறந்துபோயின. நடந்ததை நடந்த மாதிரியே சொன்னேன். அவர் முகம் மாறவில்லை.

“அஞ்சும்?”

“அஞ்சும்.”

“படம்?”

“அதைத்தான் முதல்ல.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டு வாங்குவது ஒரு வசதி, வாங்கிவிட்டால் கணக்கு முடிந்துபோகும். அவர் அந்த வசதியை எனக்குத் தரவில்லை.

“எங்க அப்பா இருந்த லயத்தையும் இப்பிடித்தான் பயத்துல எரிச்சாங்க. எழுபத்தேழு கலவரத்துல. அவங்களுக்கும் யாரோ என்னமோ சொன்னாங்க” என்றார். பிறகு பையைத் தோளில் ஏற்றினார். “பதினேழு நாள் இருக்கு. சனி ஞாயிறு நான் மேல போயி மரத்த மறுபடி எண்ணிருவேன். படத்தையும் வரஞ்சிருவேன். ஆனா மூடுபனி? போன வருசத்துப் பனிய எங்க போயி எண்ணுறது? வாங்க, தேத்தண்ணி குடிப்போம். நின்னுக்கிட்டு யோசிக்க வராது எனக்கு.”

பக்கத்தில் ஒரு சைவக்கடை. அதன் சமையல்காரர் அவருடைய தோட்டத்து ஆள்தான். மாவு படிந்த கையோடு வெளியே வந்தார்.

“டீச்சர், வீட்டுல இருந்து கடுதாசி வந்துச்சு. இந்த மாசம் பனி கோயில் மரத்துக்குக் கீழ எறங்கவே இல்லையாம். கால்ல ஏறுற அட்டைகூட இல்லையாம். புள்ளைங்க வெறுங்காலோட திரியுதாம்.”

ஆசிரியை வாய்க்குக் கொண்டுபோன கிளாசைக் கீழே வைத்தார். “அண்ணே, பழைய கடுதாசியெல்லாம் வச்சிருக்கீங்களா?”

“தகரப்பெட்டி நெறைய.”

இதை வெளியில் உள்ளவர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறவர்கள் மிகக் கவனமாக எழுதினார்கள். தபாலில் யார் பிரிப்பார்கள், எந்தத் தடுப்பில் யார் வாசிப்பார்கள் என்று தெரியாது. யார் வந்தார், யார் போனார், யாரைப் பிடித்தார்கள் என்று எதையும் எழுதக்கூடாது. எழுத எஞ்சியிருந்தது காலநிலை ஒன்றுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அம்மாவின் கடிதங்களிலும் மூன்று பக்கத்துக்கு வெயில்தான் அடித்தது.

அந்தத் தோட்டத்தில் இன்னொரு வசதியும் இருந்தது. லயத்தில் பாதிப்பேருக்கு எழுத வராது. அவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தது ஒரே ஆள்: தோட்டத்துக்குத் தபால் சுமந்து வரும் தப்பால்காரர். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவின் வாசலில், ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து எழுதுவார். அங்கிருந்து பார்த்தால் மலை முழுவதும் தெரியும். எழுதச் சொல்லி வந்தவர் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று யோசிக்கிற நேரத்தில், அவர் மலையை ஒருதரம் பார்த்துவிட்டு முதல் நாலு வரியைத் தானே எழுதிவிடுவார்.

“ஒரே ஆளு, ஒரே எடம், வாராவாரம்” என்றார் ஆசிரியை. முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. “சார், நானே இவ்வளவு ஒழுங்கா எழுதல.”

அந்தத் தோட்டத்து ஆட்கள் கொழும்பெல்லாம் பரவியிருந்தார்கள். கடைகளில், வீடுகளில், களஞ்சியங்களில். அவர்களின் தகரப்பெட்டிகளில் எட்டு வருட மூடுபனி மடித்து வைக்கப்பட்டிருந்தது.

“எழுதிக்கிறதுக்குத் தாள் இருக்கா சார்?”

பையைத் திறந்தேன். நாவலைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர் ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தார்.

“பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்கு?”

அன்றிலிருந்து பதினேழு நாளும் என் நாவலின் முதுகில் மழை பெய்தது. நாவலுக்கு அது நன்மையே செய்தது என்று இப்போது நினைக்கிறேன். முதல் தடவையாக அதில் ஏதோ நடந்தது.

காலையில் பிறப்புச் சான்றிதழ், பின்னேரத்தில் மூடுபனி. பள்ளிக்கூடம் விட்டதும் ஆசிரியை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுத்தர வயதில், மடித்துக் கட்டிய குடையோடு, முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டி, “உங்கட வீட்டுக் கடிதங்களை ஒருக்கால் பாக்கலாமோ?” என்று யாழ்ப்பாணத் தமிழில் கேட்டுப் பாருங்கள். அதுவும் அந்தக் காலத்தில். கிராண்ட்பாசில் ஒருவர் என்னைக் கண்டதும் பின்கதவால் போய்விட்டார். இன்னொருவர், நான் அவருடைய பெண்சாதி அனுப்பிய ஆள் என்று நினைத்து, தான் குடிப்பதை விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்தார்.

ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றத்தில் வேலை செய்த ஒரு இளைஞன் கடிதங்களைத் தந்தான். ஆனால் ஒவ்வொன்றையும் மேலிருந்து நாலு வரி மட்டும் தெரியும்படி மடித்து, மிச்சத்தை ஸ்டேப்ளர் அடித்துத்தான் தந்தான்.

“வானத்த மட்டும் எடுத்துக்கங்க ஐயா. பூமி என்னோடது.”

வெள்ளவத்தையில், எங்கள் ஒழுங்கைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, ஒரு டொக்டர் வீட்டில் சமைத்த அம்மா வேறு நிபந்தனை போட்டார். வாசிக்கத் தெரியாதவர். “மழைய நீங்க எழுதிக்கங்க. ஆனா முழுசையும் எனக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டணும். ரெண்டு தடவ.” குசினி வாசலில் இருந்து நாற்பத்தொரு கடிதம் வாசித்தேன். மகள் பெரியவளானதும், மாடு செத்ததும், மகள் கலியாணம் கட்டியதும் என் வாயால்தான் அவருக்கு மறுபடி நடந்தன. நடுவில் எழுந்துபோய், எனக்குத் தெரியாமல் முகம் கழுவிக்கொண்டு வந்து, “ம், அடுத்தது” என்பார்.

ஒருநாள் பின்னேரம், கொட்டாஞ்சேனையிலிருந்து திரும்பும்போது தடுப்பில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். பையில் ஐம்பது அறுபது தமிழ்க் கடிதங்கள். சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும். என்ன இதெல்லாம் என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குப் பயத்தில் வந்த ஒரே சிங்களம் உண்மையாக இருந்தது: “வெஸ்ஸ கென லியும், மாத்தயா.” மழையைப் பற்றிய கடிதங்கள்.

அவன் என்னையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தான். தமிழ் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த ஒரு பொலிஸ்காரரைக் கூப்பிட்டான். அவர் எழுத்துக்கூட்டி நாலு கடிதம் வாசித்தார். நாலிலும் மழை. அவர் அலுத்துப்போய்த் திருப்பித் தந்தார். பையைக் கையில் தரும்போது சிப்பாய் மெதுவாகச் சொன்னான், தன்னுடைய கிராமத்திலும் இந்த முறை மழை இல்லையாம், வயல் வெடித்துப்போய்க் கிடக்கிறதாம். வாளி நினைவுக்கு வந்தது எனக்கு. வராத ஒரு சிப்பாய்க்குப் பயந்து நான் கரைத்ததை, இப்படியொரு சிப்பாயிடம் கையில் கொடுத்தேயிருக்கலாம்.

பத்தாவது நாள் இடி விழுந்தது.

ஆசிரியையின் அறையில் கடிதங்களைத் திகதிப்படி அடுக்கிக்கொண்டிருந்தோம். ஒரே ஞாயிற்றுக்கிழமை எழுதிய இரண்டு கடிதங்கள் கையில் வந்தன. ஒன்றில், “இங்கு நல்ல மழை. கொழுந்து நிறைய.” மற்றதில், “இங்கு மழை இல்லை. ஆறு வாரமாக வானம் வெளுத்துக் கிடக்கிறது.” கையெழுத்து ஒன்று, பேனையும் ஒன்று.

தேடத் தேட இன்னும் வந்தன. ஆசிரியை இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆதாரம் என்று கொண்டுபோய், அங்கே ஒருவர் இதைக் கண்டுபிடித்தால் பள்ளம் போய்விடும்.

“நல்ல மழை எண்டிருக்கிறதை மட்டும் எடுத்துப்போட்டால்?” என்றேன். கொப்பியைக் கரைத்தவனுக்குக் கடிதம் ஒளிக்கிறது பெரிய விசயமில்லை.

“பொய் சொல்லி வாங்குன பள்ளத்த உண்மை வந்து திருப்பிக் கேக்கும் சார்” என்றார். கடிதங்களை இரண்டு குவியலாகப் பிரித்தார். யாருக்கு நல்ல மழை, யாருக்கு இல்லை. பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இவரு ஒருதரம் காச்சல் வந்து ரொம்ப முடியாம கெடந்தவரு. இந்தப் பையன் எப்பவும் வேலைய விட்டுட்டு வாரேன்னு அடம் புடிக்கிறவன். இந்த அக்காவுக்கு நெஞ்சு வருத்தம்.” நிமிர்ந்தார். “கவலப்படுறவங்களுக்கெல்லாம் தப்பால்காரரு மழை பேய வச்சிருக்காரு சார். மழை இல்லன்னா வேலை இல்லன்னு அர்த்தம். அத எழுத அவருக்கு மனசு வரல.”

“அப்ப எல்லாம் பொய்யோ?”

“மழைதான் பொய்.” ஒரு கடிதத்தை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார், பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். “இங்க பாருங்க. மழை ரெண்டுலயும் வேற வேற. ஆனா பனி ரெண்டுலயும் கோயில் மரம் வரைக்குந்தான். அட்டை ரெண்டுலயும் இல்ல. மழைக்காக எல்லாரும் கவலப்படுவாங்க. அட்டைக்காக யாரு கவலப்படப் போறா? அதுல பொய் சொல்றதுக்கு அவருக்குக் காரணமே கெடையாது.”

அன்று இரண்டு பேருமாக, நாவலின் பின்பக்கத்தில் நாங்கள் எழுதியெடுத்ததில் மழை என்று வந்த ஒவ்வொரு வரியையும் குறுக்காகக் கோடிட்டு வெட்டினோம். பத்து நாள் வேலையில் பாதி போனது. மிஞ்சியது நாலு விசயம்: மூடுபனி எதுவரை இறங்கியது, அட்டை இருந்ததா, இரவில் தவளை கத்தியதா, காட்டில் என்ன பூத்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருதரம் பூக்கிற நெலுச் செடி மலையெல்லாம் பூத்ததையும், அதன் விதையைத் தின்ற காட்டுக்கோழிகள் கள்ளுக் குடித்த மாப்பிள்ளை மாதிரி லயத்து வாசலில் தள்ளாடியதையும், பதினொரு பேருக்குப் பதினொரு கடிதத்தில் அவர் எழுதியிருந்தார். பதினொன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின.

எல்லாவற்றையும் வருடவாரியாக அடுக்கியபோது, மூடுபனி படிப்படியாக மலையில் ஏறிக்கொண்டு போவது தாளில் தெரிந்தது. முதல் வருடங்களில் தொழிற்சாலைவரை. பிறகு பள்ளிக்கூடம்வரை. பிறகு கோயில் மரம். கிழக்குப் பள்ளத்தில் மட்டும், ஒவ்வொரு வருடமும், “பள்ளம் வெள்ளையாகக் கிடக்கிறது.”

கடைசி நாலு நாள் நான் ஆங்கிலம் எழுதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எழுதியதில்லை. மரத்தை மரமாகத்தான் எழுதினேன். ஆனாலும் தப்பால்காரரின் ஒவ்வொரு வரிக்கும் மூன்று வரைவு போட்டேன். ‘வெள்ளையாகக் கிடக்கிறது’ என்பதற்கு மட்டும் ஒரு முழுப் பின்னேரம் போனது. மனைவி சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, “இது எந்தப் பரிசுக்கு?” என்று கேட்டாள்.

குழுவுக்கு முன்னால் போனோம். நீண்ட மேசை, நாலு அதிகாரிகள். மொழிபெயர்ப்பில் குழுவுக்கு ஒன்று, எதிர்த்தரப்புக்கு ஒன்று என்று இரண்டு பிரதியும், அத்தாட்சிக்காகக் கடிதங்களின் மூலப் பிரதிகளும் கொடுத்தோம். கொப்பிகள் எங்கே என்று தலைவர் கேட்டார். ஆசிரியை என்னைப் பார்க்கவில்லை. “தண்ணியில நனைஞ்சு அழிஞ்சிருச்சு” என்றார். அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் மொழிபெயர்ப்புத் தொழிலில் மிகக் கடினமான வாக்கியம் அதுதான்.

வெட்டுக்குச் சார்பாக வந்திருந்தவர் கடிதங்களைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அட்டை கடித்ததும் கோழி வெறித்ததும் ஆதாரமா என்று கேட்டார். தன் கையிலிருந்த மொழிபெயர்ப்பைப் புரட்டி, மழையைப் பற்றிய வரிகள் இதில் ஏன் விடப்பட்டிருக்கின்றன, எதை மறைக்கிறீர்கள் என்றும் கேட்டார்.

ஆசிரியை எழுந்தார். மழை வரிகளை ஏன் நம்ப முடியாது என்பதை மறைக்காமல் சொன்னார்; யார் யாருக்குத் தப்பால்காரர் மழை பெய்யவைத்தார் என்பதையும் சொன்னார். “ஐயா, மழைமானி ஒருநாளைக்குப் பழுதாகும். அட்டைக்குப் பசி எடுக்காத நாளே கெடையாது” என்றார். “நம்பலன்னா ஒருதரம் வந்து பள்ளத்துல கால வச்சுப் பாருங்க.”

அவர்கள் வந்தார்கள். காலையும் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசிக் கடைக்கு எனக்கொரு அழைப்பு வந்தது.

“பள்ளம் உள்ள வந்துருச்சு சார். எல்லைக் கோட்ட ஓடைக்குக் கீழ எறக்கிட்டாங்க.” மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது, அழுதாரா, மாடியேறினாரா தெரியாது. “மேல பட்டுப்போனது பட்டதுதான். அத யாரும் திருப்ப ஏலாது. ஆனா கன்று இருக்கு. நான் புதுசாக் கொப்பி போட்டுட்டேன். இந்த தடவ மூணு பிரதி. ஒண்ணு அண்ணங்கிட்ட, ஒண்ணு தப்பால்காரருகிட்ட, ஒண்ணு எங்கிட்ட.”

எனக்கு ஒன்று என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கடிதங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் சத்தியம் செய்து வாங்கியவை. எடுத்துவர நான்தான் அந்த அலுவலகத்துக்குப் போனேன். மேசையின் ஓரத்தில் அன்று வாய் திறக்காமல் இருந்த அதிகாரி கடிதக் கட்டை எடுத்துத் தந்தார். புதுக்கடைப் பக்கத்து முஸ்லிம் மனிதர் என்று பேச்சிலேயே தெரிந்தது. குழுவுக்குள் எல்லாவற்றையும் வாசித்து மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னது தான்தான் என்றார். ஸ்டேப்ளர் அடித்த கடிதங்கள் அடித்தபடியே இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு அவரில் பெரிய மதிப்பு வந்தது. மதிப்பு வந்த இடத்தில் ஆசையும் வந்தது.

“இங்கிலீஷ் பிரதியில, அந்த மூடுபனி வாற இடங்கள்... உங்களுக்கு எப்பிடி இருந்தது, சேர்?” என்று மெல்லக் கேட்டேன்.

அவர் மேசையின் அடியிலிருந்து குழுவுக்கு நான் கொடுத்த நாற்பத்தாறு பக்கத்தையும், கட்டிய நாடாகூட அவிழாமல், எடுத்துத் தந்தார்.

“இதுவா? இத நான் தொறக்கவே இல்ல. கடிதமெல்லாம் நல்ல தமிழ்ல தானே இரிக்கி.”